மழை மாதத் தவணை

"அசையாதீங்க. அசைஞ்சா படம் கலங்கிடும், திரும்ப எடுக்கணும்."

மணிக்கட்டு வீங்கியிருந்த கிழவர் சரியென்று தலையாட்டினார். தலையோடு சேர்ந்து கையும் ஆடியது. அவள் மறுபடி குனிந்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பலகைமேல் விரித்து வைத்து, முழங்கைக்கு அடியில் மணல் பையை அண்டக் கொடுத்தாள். ஈயக் கவசத்தின் கனம் வழக்கம்போல இடது தோளில் இறங்கிக் கழுத்தைப் பிடித்து இழுத்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். படம் திரையில் வந்தது. விரிசல்தான், முறிவில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. டாக்டர் சொல்ல வேண்டியதை டெக்னீஷியன் சொன்னால் மேலிடத்தில் பாட்டு விழும் என்பதால் வாயை மூடிக்கொண்டாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது. வெளிய உக்காருங்க, கூப்பிடுவாங்க."

அசையாதீங்க என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது ஓடி வெகு நாளாகிறது என்பது இரண்டாம் முறைதான் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு எந்திரங்களில் ஒன்று பழுதாகி, அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தியிருந்தார்கள். வெளியே நடைபாதையில் பெஞ்சு கொள்ளாமல் தரையிலும் ஆட்கள். கால் போனவர், கை போனவர், நெஞ்சு சளிக்காரர், விழுந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய். எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேம்மா.

"நீ கெளம்பு. பன்னெண்டரைக்குள்ள போகலேன்னா அந்த ஆபீஸ்ல சாப்பாட்டுக்கு எந்திரிச்சிடுவானுங்க" என்றார் டார்க் ரூம் அண்ணன். கம்ப்யூட்டர் வந்து, படம் கழுவும் டார்க் ரூமைத் துடைப்பம் வைக்கும் அறையாக்கி எத்தனையோ காலமாகியும் பெயர் மட்டும் அவரை விடவில்லை. "அடுத்த ஷிப்ட் பொண்ணு வந்துட்டா. வரிசைய நான் சமாளிக்கறேன். வரும்போது நல்ல சேதியோட வா. டீ என் செலவு."

"டீயோட விட்ருவேனா?"

"போற மகராசி, பிஸ்கட்டும் சேத்து வாங்கித் தரேன், போ."

ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியும், அவள் போகப் போகிறாள் என்று. பத்து வருடம் முடிந்துவிட்டது. படிக்க வாங்கிய கடனுக்கு ஒரு திட்டம் இருந்தது. பொது ஆஸ்பத்திரியிலோ பொதுப் பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்துக்கொண்டே, மாதத்துக்கு ஒன்றாக நூற்றிருபது தவணை கட்டிவிட்டால் மீதிக் கடன் தள்ளுபடி. சம்பளத்துக்குத் தக்க தவணை என்பதால் தவணை சிறியது. கட்டியதெல்லாம் வட்டிக்கே போதவில்லை. பத்து வருடம் கட்டிய பிறகு வாங்கியதைவிட மீதி அதிகமாக நின்றது. அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் அவள் பேத்தி காலத்திலும் தீராது.

அதற்காகத்தான் அவள் இந்தக் கீழ்த்தளத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரட்டைச் சம்பளம் தருகிறேன் என்று கூப்பிட்ட தனியார் ஸ்கேன் சென்டரை வேண்டாமென்றாள். கல்யாணமாகி, கணவனுக்குத் தொலைவில் பொது ஆஸ்பத்திரி இல்லாத வேறொரு ஊரில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் நல்ல வேலை கிடைத்தபோதும் கூடப் போகவில்லை. அவன் அங்கே, அவளும் பிள்ளையும் இங்கே அப்பா வீட்டில். மாதம் ஒருமுறை வந்து போகிற அப்பனைக் குட்டி முதல் அரை நாள் விருந்தாளி மாதிரி பார்க்கும். ஒட்டிக்கொள்ளும்போது அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இப்போது அவன் அங்கே வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டான். குட்டிக்குப் பள்ளியில் இடம் சொல்லியாகிவிட்டது. குட்டி தன் பொம்மைகளை அட்டைப் பெட்டியில் அடுக்குவதும், விளையாடப் பொம்மை இல்லையென்று பிரிப்பதும், மறுபடி அடுக்குவதுமாக இருந்தாள்.

தள்ளுபடிக்கு எழுதிக் கொடுத்து மூன்று மாதமாயிற்று. போன் செய்தால், பரிசீலனையில் உள்ளது என்று ஒரு பெண் குரல் சொல்லும். பிறகு பாட்டு போடும். அதனால்தான் நேரிலேயே பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

கடன் அலுவலகம் நான்காவது மாடியில் இருந்தது. லிப்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள், பழுது என்று. ஏறினாள். உள்ளே குளிர்ந்த அறை, டோக்கன் எந்திரம், வரிசையாக நாற்காலிகள். முறை வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். காதில் மாட்டும் போனைக் கழுத்தில் தொங்க விட்டிருந்தான். எண்ணைத் தட்டிப் பார்த்தான்.

"மேடம், நிராகரிச்சிருக்காங்களே. மெயில் வரலியா?"

"எதுக்கு நிராகரிக்கணும்? பத்து வருஷம் முடிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில கையெழுத்து வாங்கிக் குடுத்தேனே."

"வேலை பார்த்தது சரி. தவணைதான் பத்தல. தொண்ணூத்தி மூணு இருக்கு. இன்னும் இருபத்தேழு கட்டணும்."

"நூத்திருபதும் கட்டியாச்சு. ஒரு மாசம் விட்டதில்ல."

"காசு வந்திருக்கு மேடம். நான் இல்லேங்கல." அவன் திரையைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினான். "ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னாடி ஒரு மாசத்துல நாலு தவணை மொத்தமா வந்திருக்கு பாருங்க. அப்புறம் மூணு மாசம் ஒண்ணும் வரல."

"மொத்தமாக் கட்டினா அந்த மூணு மாசத்துக்கும் சேர்த்துத்தானே கட்டினது?"

"இல்லீங்க. அதுல ஒண்ணுதான் தவணை. மீதி முன்கூட்டிச் செலுத்தினது. முன்கூட்டிச் செலுத்திட்டா அடுத்த மூணு மாசம் உங்களுக்கு பாக்கியே கிடையாது. பாக்கியே இல்லாத மாசத்துல தவணை கட்டினதா எப்படி எழுதறது?"

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"காச வாங்கிக்கிட்டீங்கல்ல?"

"வாங்கிக்கிட்டோம். நன்றின்னு மெசேஜ்கூட வந்திருக்குமே."

வந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் வந்தது. கட்டியது அவள் அல்ல, அப்பா. அப்பா பெயின்டர். வெயில் காலத்தில் கட்டடம் கட்டடமாக வேலை இருக்கும். மழை மூன்று மாதமும் சுவர் காயாது, ஒருவன் கூப்பிட மாட்டான். அவள் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் அம்மாவின் மருந்துக்கும். அவர் கூலி கடனுக்கு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான், நான் கட்டுகிறேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். முதல் வருட மழையில் ஒரு தவணை ஒரு வாரம் தள்ளிப் போனது. இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, தெருவிலேயே வண்டியை நிறுத்தி, எதிர் வீட்டுக்காரரிடமும் கடைக்காரரிடமும் அப்பாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்று சாப்பிடாமல் படுத்தவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், மழைக்கு முன்னால் பெரிய வேலை முடிந்து மேஸ்திரி கணக்குத் தீர்த்ததும், வீட்டுக்குக்கூட வராமல் நேரே போய் மழை மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டிவிடுவார்.

"முதல் வருஷம் ஒண்ணு லேட்டாக் கட்டினோம். அதுவும் போச்சா?" என்று கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் தேடிப் பார்த்தான். "அது கணக்குல இருக்கு மேடம். பதினஞ்சு நாளுக்குள்ள கட்டிட்டா லேட்டா இருந்தாலும் சேரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"இத மாத்த வழி இல்லையா? எங்கப்பாவுக்கு மாசச் சம்பளம் இல்ல, தம்பி. வேலை இருக்கறப்பதான் காசு. தெரியாமப் பண்ணிட்டாரு."

"மேல்முறையீடு எழுதிக் குடுக்கலாம். போன வருஷம் குடுத்தவங்களுக்கே இன்னும் பதில் வரல." அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் கடன் இருக்கு மேடம். உங்களவிடப் பெரிசு. நான் கம்பெனி ஆளு, எனக்கு இந்தத் திட்டமே கிடையாது. உங்களுக்காவது ரெண்டே கால் வருஷத்துல முடியும். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. இனிமே அந்தந்த மாசத்துக்கு அந்தந்த மாசம்தான் கட்டணும். மொத்தமாக் கட்டிடாதீங்க. கட்டினா மறுபடி தள்ளிப் போகும்."

நாற்காலியிலிருந்து எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் அப்பா தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, இன்னைக்கு மேஸ்திரி செட்டில்மென்ட் என்று சொல்லியிருந்தார். சொல்லும்போதே முகம் மலர்ந்திருந்தது.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டே போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்க மாட்டார். பெயின்ட் சொட்டும் என்று போனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சாரத்தில் ஏறுவார். அம்மாவுக்கு அடித்தாள். "அப்பா வந்தா எங்கயும் போக விடாதீங்கம்மா. பணத்த வீட்லயே வெக்கச் சொல்லுங்க." ஏன், என்ன, யாருக்கு என்ன ஆச்சு என்று அம்மா ஆரம்பித்தாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் வாசல் கம்பியைப் பிடித்து நின்றாள்.

கணவன் கூப்பிட்டான். பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"முடிஞ்சுதா? வண்டிக்குச் சொல்லிடட்டுமா? சாமான் ஏத்த?"

"இல்லீங்க. சொல்லாதீங்க." அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் சத்தமில்லாத இடத்துக்கு நடந்து போவது தெரிந்தது.

"இன்னும் ரெண்டு வருஷமா?"

"ரெண்டே கால்."

"உங்கப்பாவ யாரு முன்னாடியே கட்டச் சொன்னா? ஒரு வார்த்தை நம்மள கேட்டாரா?"

அவளும் அதைத்தான் அந்த நான்கு மாடி இறங்கும் வரை நினைத்துக்கொண்டு வந்தாள். அவன் வாயிலிருந்து வந்ததும் சுருக்கென்றது. "பத்து வருஷம் அவருதான் கட்டினாரு. நீங்களும் நானும் கட்டல."

"நான் அப்படிச் சொல்லல."

"தெரியும்."

"வந்துடேன். கடன் கெடக்கட்டும், கட்டிக்கிட்டே இருப்போம்."

"இந்த வேலைய விட்டா முழுத் தவணை ஆயிடும். உங்க சம்பளத்துல பாதி போயிடும். வாடகைக்கு என்ன பண்ணுவீங்க?"

மறுமுனையில் இரும்பு அறுக்கும் சத்தம் மறுபடி நெருங்கி வந்தது. பிறகு, "குட்டிகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது" என்றான்.

அப்பா வேலை செய்த கட்டடம் ஆறு மாடி. சாரத்தைப் பாதி பிரித்துவிட்டிருந்தார்கள். புதுப் பெயின்ட் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கீழே இரண்டு பேர் காலி வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவளை அடையாளம் தெரிந்து எழுந்தான்.

"அண்ணனயா தேடறீங்க? இப்பத்தான் போனாரு. மேஸ்திரி காசக் குடுத்ததும் கைகூடச் சரியாக் கழுவல. நாங்க டீ குடிக்கலாம்னு கூப்பிட்டோம். வேலை இருக்குன்னுட்டாரு." சிரித்தான். "கையில காசு இருந்தா அண்ணனுக்கு அரிக்கும். கட்டிட்டாத்தான் தூக்கம் வரும்பாரு."

அவள் ஓடினாள். தவணை கட்டும் இடம் அங்கிருந்து மூன்று தெரு தள்ளி, பூட்டு சாவிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுகிறவளைத் தெருவில் திரும்பிப் பார்த்தார்கள். வழியெல்லாம் அவருக்கு என்ன சொல்வது என்று வார்த்தை தேடினாள். நீங்க கட்டினது தப்பு என்று சொல்ல முடியாது. கட்டினது சரி, ஆனா கணக்குல இல்ல என்று சொன்னால் யாருடைய கணக்கு என்று கேட்பார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் கண்ணில் பட்டார். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைப் புள்ளிகள். கவுன்டர் முன்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். இவர் வரிசையில் இல்லை, உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

"இன்னும் கட்டலியாப்பா?"

"நீ எங்கம்மா இங்க? வேலைக்குப் போகல?" அவர் எழுந்தார். "கட்டாம இருப்பேனா? முத வேலையா அதத்தான் பண்ணேன். இந்த மாசமும் மழைக்கு மூணும். இனி பெய்யறது பெய்யட்டும்."

"அப்புறம் ஏன் உக்காந்திருக்கீங்க?"

"இருக்கச் சொன்னாங்கம்மா. அந்தப் பொண்ணுதான்." கவுன்டரைக் காட்டினார்.

அவள் வரிசையைத் தாண்டிக் கவுன்டரில் போய் நின்றாள். பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். கவுன்டர் பெண் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தாள். ரசீது எந்திரத்தில் காகிதச் சுருளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்கப்பா கட்டினாரே, அதுல மூணு மாசப் பணத்தத் திருப்பித் தரணும். ஒரு தவணை மட்டும் எடுத்துக்கங்க."

"வரவு வெச்சாச்சுக்கா. வாங்கினத திருப்பித் தர இங்க வழி இல்ல."

"பத்து நிமிஷம்கூட ஆகலியே."

"ஆகலதான். ஆனா சிஸ்டத்துல ஏறிடுச்சு." அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே புரியவில்லை. "முன்னாடியே கட்டறது நல்லதுதானேக்கா? எல்லாரும் லேட் ஃபீ கட்டி மூக்கால அழறாங்க. உங்கப்பா மாதிரி யாரு இருக்கா?"

அவள் திரும்பினாள். அப்பா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"எதுக்கும்மா திருப்பிக் கேக்கற? வீட்ல ஏதாவது அவசரமா? குட்டிக்கு ஒடம்பு சரியில்லையா?"

"இல்லப்பா. நல்லா இருக்கா."

"கடன் ஆபீசுக்குப் போறேன்னியே. என்ன சொன்னாங்க? முடிஞ்சுதா?"

அவர் முகத்தைப் பார்த்தாள். அறுபதைத் தாண்டிய மனிதர், ஆறாவது மாடிச் சாரத்தில் தொங்கிச் சம்பாதித்ததைச் சட்டைப் பையில் வைத்திருக்கப் பயந்து ஓடி வந்திருக்கிறார். அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. 

"இன்னும் கொஞ்ச நாளாகும்னாங்கப்பா."

"ஆகட்டுமே. அவங்க வேலைய அவங்க மெதுவாத்தான் பாப்பாங்க." அவர் நகத்திலிருந்த பெயின்டைச் சுரண்டினார். "நம்ம பக்கம் ஒரு மாசம் பாக்கி இல்ல. ஒருத்தன் விரல நீட்டி ஒரு சொல் சொல்ல முடியாது. அதானே வேணும்?"

"அப்பா, அடுத்த தடவ..." என்று ஆரம்பித்தாள். இனிமேல் பணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு மாதாமாதம் கட்டலாம் என்று சொல்ல வேண்டும். மழை மாதத்தில் வீட்டில் பணம் இருந்தால் அம்மாவின் மருந்துக்கும் ஒழுகும் கூரைக்கும் கரைந்துவிடும், பிறகு மோட்டார் சைக்கிள் வரும் என்று அவர் சொல்வார். அதுவும் உண்மைதான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. வீட்ல சொல்றேன்."

உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். கையில் போனும் ஒரு அட்டையும் வைத்திருந்தார். கவுன்டர் பெண் அப்பாவைக் காட்டினாள். "இவருதான் சார். ஒன்பது வருஷமா முன்னாடியே கட்டறவரு." மேனேஜர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயின்ட் ஒட்டிவிடுமே என்று அப்பா விரல்களை மடக்கிக்கொண்டார். சுவரில் போட்டோ மாட்டுகிறோம், முன்மாதிரி வாடிக்கையாளர் என்று, மற்றவர்களுக்கும் ஓர் ஊக்கமாக இருக்கும் என்று சொல்லி, அதையே அச்சடித்த அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

அவள் சுவரைப் பார்த்தாள். ஏற்கெனவே ஒரு டஜன் படங்கள் மாட்டியிருந்தன. ஒரு தையல்காரர், டிரைவர் சட்டையில் ஒருவர், முதுகில் பையோடு ஒரு பள்ளி ஆசிரியை. கீழ் வரிசையில் ஒருத்தி அவளுடைய ஆஸ்பத்திரியின் நர்ஸ் உடுப்பில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் வாம்மா" என்றார் அப்பா. "கடனே உன் பேர்லதானே." கர்ச்சீப்பை எச்சில் தொட்டு நனைத்துக் காது மடலைத் துடைத்துக்கொண்டார். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். மேனேஜர் போனைத் தூக்கினார். பிறகு இறக்கினார்.

"நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா. பின்னாடி கம்பெனி பேரு மறையுது."

அவள் தள்ளி நின்றாள்.